முள் கீழேதான் இருந்தது

முதலாளியம்மாவின் பெரிய டிராக்டரில் எஞ்சின் சூடானால் கத்துவதற்கென்று ஓர் அலாரம் உண்டு. அது மூன்று வாரத்தில் ஐந்து முறை கத்தியது. ஐந்து முறையும் பொய். ஒவ்வொரு முறையும் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பட்டறைக்குப் போன் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து காத்திருப்பார். மெக்கானிக் கையில் இருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவான். போய்ப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை நிற்கும். சாவியைத் திருப்பினால் மீட்டரில் முள் நடுவில் சாதுவாக இருக்கும். அலாரம் மட்டும் ஊரைக் கூட்டியிருக்கும்.

டிரைவருக்கு அவசரம் என்று பட்டப்பெயர். யார் வைத்த பெயரோ, நல்ல குறும்பு பிடித்த ஆளாக இருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் அவசரப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. காலையில் சாவியைப் போடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி வருவார். தண்ணீர், எண்ணெய், பெல்ட், டயர் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஏறுவார். மற்ற டிரைவர்கள் பாதி வயலை உழுது முடித்திருப்பார்கள், இவர் அப்போதுதான் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று கேலி பேசுவார்கள். ஆனால் அவர் கையில் இருந்த வண்டி ஒன்றுகூட நடு வயலில் படுத்ததில்லை.

மெக்கானிக்குக்கு நாற்பத்து நாலு வயது. இருபது வருஷப் பட்டறை. தன்னால் முடியாது என்று சொல்லி ஒரு வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவனுக்குப் பெருமை. இந்தக் கதையில் நடந்த கெடுதலில் முக்கால்வாசி அந்தப் பெருமையால் வந்ததுதான், அதை இப்போதே சொல்லிவிடலாம்.

அவன் அலாரத்தின் சென்சாரை மாற்றினான். கத்தியது. அலாரத்தையே மாற்றினான். புது அலாரம் பழையதைவிடச் சத்தமாகக் கத்தியது. முதலாளியம்மா பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே, "உனக்குப் பிடிபடலைன்னா சொல்லிடுப்பா, டவுன்ல காட்டிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அம்மா பரிவாகச் சொன்னதுதான் அவனைச் சுட்டது. அவருடைய நாலு வண்டியும் அவன் பட்டறைக்குத்தான் வரும். அது ஒருபக்கம் இருக்க, இவனுக்குப் பிடிபடவில்லையாம் என்று நாலு பேர் பேசுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆறாவது முறை வண்டி வந்தபோது அவன் ஒரு காரியம் செய்தான். எஞ்சினின் தலைப்பகுதியில், இரும்போடு ஒட்டித் திருகியிருந்த அலாரம் சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கி விட்டுவிட்டான். அவ்வளவுதான், கால் நிமிஷ வேலை. ஆனால் வண்டியை அன்று முழுக்கப் பட்டறையில் வைத்திருந்து, பெரிய வேலை நடந்ததைப் போல மாலையில்தான் கொடுத்தான். சரியாகிவிட்டது என்று முதலாளியம்மாவிடம் போனில் சொன்னான். அலாரம் போனால் என்ன, மீட்டர் இருக்கிறதே என்பது அவன் கணக்கு. மீட்டருக்குத் தனி சென்சார், தனி வயர். அது ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

சாவியைக் கொடுக்கும்போது டிரைவரிடம், "இனிமே தொந்தரவு இருக்காதுண்ணே. முள்ளைப் பாத்து ஓட்டுங்க, போதும். முள்ளு பொய் சொல்லாது" என்றான். டிரைவர் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஏறிக்கொண்டு போனார்.

பதினோரு நாள் அலாரம் வாயைத் திறக்கவில்லை. முதலாளியம்மா மெக்கானிக்கின் கைராசியைப் பற்றி இரண்டு பேரிடம் சொன்னார். அது அவன் காதுக்கும் வந்தது. கேட்டு மகிழ்ந்தான், அந்த அளவுக்கு வெட்கம் கெட்டுப் போயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் அந்த டிராக்டரை இன்னொரு டிராக்டர் சங்கிலி கட்டி இழுத்து வந்தது. பின்னாலேயே டிரைவர் நடந்து வந்தார். அவரை ஏறி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லையாம்.

மெக்கானிக் குனிந்து பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. ரேடியேட்டரின் அடிக்குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. தண்ணீர் மொத்தமும் வயலிலேயே கொட்டிப் போயிருந்தது. காய்ந்த புழுதி மண் அதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருக்கும். தண்ணீரில்லாமல் ஓடிய எஞ்சின் உள்ளே கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

டிரைவர் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவப் போகும் முன், நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "முள்ளு ஒரு தடவை லேசா மேல போச்சு தம்பி. அணைச்சிடலாம்னு கைய வச்சேன். அதுக்குள்ள அதுவே இறங்கிடுச்சு. சரி, ஆறிடுச்சுன்னு நினைச்சு ஓட்டினேன். கடைசி வரைக்கும் முள்ளு கீழேதான் இருந்துச்சு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பது அங்கே இருந்தவர்களில் மெக்கானிக் ஒருவனுக்குத்தான் தெரியும். மீட்டரின் சென்சார் தண்ணீரில் முங்கியிருக்கும் வரைதான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் வடிந்துவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் சாவகாசமாகக் கீழே இறங்கும். அதற்காகத்தான் அலாரத்துக்கு இன்னொரு சென்சாரை இரும்போடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பின் சூடு அதற்குத் தெரியும். அன்று வயலில் அந்த அலாரம் ஏழாவது முறையாகக் கத்தியிருக்கும். முதல் முறையாக உண்மையும் சொல்லியிருக்கும். பதினோரு நாள் முன்பே அவன் அதன் வாயைக் கட்டிவிட்டான்.

முதலாளியம்மாவின் கார் திருப்பத்தில் வருவது தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் மனிதன் யோசித்திருக்கலாம். அவன் யோசிக்கவில்லை, கைதான் போனது. தொங்கிக்கொண்டிருந்த வயரை எடுத்துச் சென்சாரில் பழையபடி மாட்டிவிட்டான்.

முதலாளியம்மா வந்தார், கேட்டார், டிரைவர் மறுபடியும் சொன்னார். முள் கீழே இருந்தது, அலாரம் கத்தவில்லை. அந்த அம்மா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்து, அலாரம் வேலை செய்கிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னார். அவன் சாவியைத் திருப்பினான். இரும்பில் இன்னும் சூடு மிச்சமிருந்தது. அலாரம் பட்டறையே அதிரக் கத்தியது.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? முதலாளியம்மா கெட்டவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அலாரமும் கத்தல, முள்ளும் ஏறல, எஞ்சின் மட்டும் தானா எரிஞ்சிடுச்சா? கண்ணசந்துட்டேன்னு சொன்னாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றார். டிரைவர் அலாரத்தையும் மெக்கானிக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். மெக்கானிக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

நாலு நாள் கழித்து டிரைவர் பட்டறைக்கு வந்தார். சாப்பாட்டு வேளை, வேறு யாரும் இல்லை. மெக்கானிக் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்தான். டிரைவர் உட்காரவில்லை. நின்றபடியே, யாரையும் குறை சொல்ல வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன் என்றார். நாலு நாளாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் மீட்டர்தான் தெரிகிறது, முள் கீழேதான் இருக்கிறது. எல்லாரும் தூங்கிவிட்டாய் என்கிறார்கள். தூங்கியதாகத் தனக்கு நினைவில்லை. ஆனால் தூங்கியவனுக்குத் தூங்கியது எப்படி நினைவிருக்கும் என்று மகள் கேட்கிறாள், அதுவும் நியாயமாகத்தான் படுகிறது என்றார்.

பிறகு கேட்டார். "எஞ்சின் எரியும்போது முள்ளு கீழ இருக்கிறதுக்கு வழி இருக்கா தம்பி? உனக்குத்தான் தெரியும். நீ இருக்குன்னு சொன்னா நான் நிம்மதியாப் போறேன். இல்லைன்னா என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு ஒத்துக்கிறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஆமாம் தனியாக வராது. அப்படியானால் அலாரம் ஏன் கத்தவில்லை என்ற கேள்வியையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். மெக்கானிக் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எண்ணுவதைப் போலப் பார்த்தான்.

"அப்படி வராதுண்ணே" என்றான்.

டிரைவர், "சரி தம்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பாமல் திட்டியிருந்தால் மெக்கானிக் பிழைத்திருப்பான். அன்று அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திரும்பத் திறக்கவில்லை.

எஞ்சினை அவன்தான் பிரித்துக் கட்டினான். கட்டும்போது அலாரத்தின் பொய்க்கும் காரணம் கிடைத்தது. சென்சாருக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் வயர் தகரத்தில் உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது. சென்சாரில் மாட்டியிருக்கும்போது வண்டி குலுங்கினால் அது இரும்பைத் தொட்டு அலாரத்தைக் கிளப்பியிருக்கிறது, பிடுங்கி விட்டதும் விலகித் தொங்கியிருக்கிறது. விரல் நீளத்துக்கு டேப் சுற்றினால் தீர்ந்துபோகும் கோளாறு. சுற்றினான். டிராக்டர் புது டிரைவரோடு போயிற்று. அலாரம் அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

டிரைவரைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வந்தன. மெக்கானிக் கேட்காமலே வந்தன. மகள் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாளாம். கண் பழுதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று நினைத்துப் போனவர், கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் இடிந்து போய்விட்டாராம். கண்ணில் இல்லையென்றால் கோளாறு தலையில்தானே இருக்க வேண்டும்? அதற்கப்புறம் வேறு டாக்டர், வேறு மாத்திரை. யார் கூப்பிட்டும் வண்டி ஓட்ட மறுத்துவிட்டார். பேரனைத் தனியாக அவரிடம் விடுவதில்லை. அவரும் கேட்பதில்லை.

ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் காலையில் மெக்கானிக் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது, மருந்துக்கடை வாசலில் அவரைப் பார்த்தான். சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தார். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடியும் இடப்பக்கம் பார்த்தார். பார்த்ததை நம்பாமல் திரும்பவும் பார்த்தார். இவன் போய்க் கையைப் பிடித்தான். அவருக்கு அவனைப் பார்த்ததில் உண்மையாகவே சந்தோஷம். பட்டறை எப்படி இருக்கிறது, முதுகுவலி தேவலையா என்றெல்லாம் விசாரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. மகளின் கையெழுத்தில் வீட்டு விலாசமும் போன் நம்பரும். வழி தவறினால் யாராவது கொண்டுவந்து விடுவதற்காம். அவர் அதை வெட்கத்தோடு பைக்குள் தள்ளினார்.

அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. செய்த பாவம் கண்முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறது, இனி எங்கே ஒளிவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய மீட்டர், அதன் சென்சார், இரண்டு முழம் வயர், ஸ்கூட்டர் பேட்டரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். டிரைவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னான். முள் கீழேதான் இருந்திருக்கும் என்றான். தண்ணீர் போனால் முள் இறங்கிவிடும், அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றான். வயரைப் பிடுங்கி விட்டதையும் திரும்ப மாட்டியதையும் சொன்னான்.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வயரு எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

மெக்கானிக்குக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். வண்டியைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே, சுற்றி வரும்போது வயர் தொங்குவதைப் பார்த்துவிட்டாராம். இவன் கழற்றினால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாராம். எஞ்சின் எரிந்த அன்று இவன் அதைத் திரும்ப மாட்டியதையும், முகம் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தாராம்.

"அப்போ ஏன்ணே அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா உன் பொழப்பு போயிடும். அதுவுமில்லாம, அலாரம் இல்லைன்னாலும் முள்ளு இருந்துச்சே. முள்ளைப் பாத்து ஓட்டுன்னு நீ சொன்ன, நான்தான் சரியாப் பாக்கலைன்னு ஆயிடுச்சு. தப்பு என்னுதுன்னு ஆனப்புறம் உன்னை எதுக்கு இழுக்கணும்?"

மெக்கானிக் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். இத்தனை மாதம் தான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை, எதிரில் இருந்த மனிதர் தனக்காக ஒளித்து வைத்திருக்கிறார். அந்த மனிதருக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு வார்த்தையைத் தான் கொடுக்கவில்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அழுதான்.

டிரைவர் அவன் முதுகில் கை வைத்தார். அவர் முகத்தில் ஏதோ திரும்பி வந்துகொண்டிருந்தது. "அப்போ நான் பாத்தது நிஜம்தான்?" என்று கேட்டார். நிஜம்தான் என்றான். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் சொன்னான். அவர் எழுந்து வேட்டியை உதறினார். "உள்ள வா. இதை என் பொண்ணுகிட்டச் சொல்லு."

மகள் சமையலறையில் இருந்தாள். மெக்கானிக்கைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளிடம் அனுமதி கேட்டு, அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தான். பேட்டரியையும் மீட்டரையும் மேடையில் வைத்து வயரை இணைத்துச் சென்சாரைத் தண்ணீரில் முக்கினான். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க முள் ஏறியது. பிறகு சென்சாரை வெளியே தூக்கினான். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய்ப் படுத்தது. டிரைவர் கதவருகே நின்று, மூச்சு விடாமல் அந்த முள்ளையே பார்த்தார். மெக்கானிக் வயரைப் பிடுங்கிய கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடிவில் அடுப்பை அணைத்தாள். கோபமில்லை, களைப்புதான் தெரிந்தது.

"நல்ல மனசு சித்தப்பா உங்களுக்கு" என்றாள். "போன வாரம் இதே அடுப்பைப் பத்தவச்சிட்டு மறந்து வெளிய போயிட்டாரு. அதுக்கு முந்தின வாரம் பக்கத்துத் தெருவுல நின்னுக்கிட்டு வீடு எதுன்னு கேட்டிருக்காரு. அதெல்லாமும் முள்ளு பண்ண வேலையா?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். இந்த மனிதர் தன் கண்ணைத் தானே நம்பாமல் போய் ஏழு மாதம் ஆகிறது, வாசற்கதவைக்கூட மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நுழைகிறார், அதனால்தான் இதெல்லாம் என்று சொல்ல நினைத்தான். சொல்லவும் செய்தான். ஆனால் அது அவனுக்கே உறுதியாகத் தெரியவில்லை, அதனால் குரல் எடுபடவில்லை. அவள் அவனைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையிடம் கேட்பதைப் போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்கதானே சித்தப்பாவை வரவழைச்சு இப்படியெல்லாம் சொல்லச் சொன்னீங்க?"

டிரைவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார், மேடையிலிருந்த மீட்டரைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் வாசல்படியில் முகத்தில் வந்த வெளிச்சம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பிறகு, பட்டறையில் அன்று நின்று கேட்டாரே, அதே மரியாதையோடு, அதே நம்பிக்கையோடு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"நானா தம்பி உன்னைச் சொல்லச் சொன்னேன்?"